மூன்றாம் ஓலை

முதலில் எனக்கு அநியாயம் செய்தவன் அருமைநாயகம். என் மனைவி தவமணியின் கூடப்பிறந்த தம்பி. அவனுக்கு முன்னால் எனக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. அதெல்லாம் மழையில் நனைந்த மாதிரி, துடைத்தால் போய்விட்டது. இவன் செய்தது இருபது வருஷத்துக்கு மேலாக உடம்போடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. இப்போது எனக்கு இரண்டு பெஞ்சு பின்னால், ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கழுத்தைக் கெட்டியாக வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டியதே இல்லை, அந்த இருமல் அவன் இருமல், இருமிவிட்டுத் தொண்டைக்குள் ஏதோ யோசிக்கிற மாதிரி ஒரு சத்தம், அது அவன் அப்பாவிடமிருந்து வந்தது. ஐயர், எங்கள் சபைப் போதகர், பிரசங்கம் ஆரம்பித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இன்றைக்குப் பொறுமையைப் பற்றிப் பேசுகிறார். நீளமாகத்தான் பேசுவார், பொறுமையைப் பற்றிச் சுருக்கமாகப் பேசின ஐயரை நான் கண்டதில்லை. பேசட்டும். முடிந்தால் அறிவிப்பு வந்துவிடும், அறிவிப்பின் கடைசியில் கல்யாண ஓலை வந்துவிடும். மாப்பிள்ளை பெயர், அவன் அப்பா அம்மா பெயர், பெண் பெயர், பெண்ணின் அப்பா அம்மா பெயர், எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று கேட்பார். மூன்று ஞாயிறு அப்படிக் கேட்க வேண்டும். என் மகள் கெசியாவுக்கு இரண்டு ஞாயிறு கேட்டாயிற்று, யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு ஞாயிறும் இவன் இங்கே இல்லை.

காலையில் கீழத்தெரு வால்வை மூடினேனா? பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிதான் என் உத்தியோகம். ஆறு தெருவுக்கும் முறை வைத்துத் திறந்துவிடுவேன், எந்தத் தெருவும் என்னைக் குறை சொன்னதில்லை, சொன்ன தெருவுக்கு மறுநாள் ஐந்து நிமிஷம் குறையும். கீழத்தெருவுக்கு ஆறரைக்குத் திறந்தேன், ஏழேகாலுக்கு மூட வேண்டும், ஏழேகாலுக்கு நான் கோயில் வாசலில் நின்றுகொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, கையில் மடக்குக் குடை. ஆளே பாதியாகிவிட்டான். தலையில் ஒரு முடி இல்லை. "அத்தான்" என்றான். அந்த ஒரு சொல்தான். என்னைப் பார்த்துச் சொல்ல இருபத்தாறு வருஷமாக அவனிடம் இருந்த சொல் அதுதான் போல. "உள்ள போ, ரெண்டாம் மணி அடிச்சாச்சு" என்றேன். நானும் நல்லதாக ஒன்று சொல்லியிருக்கலாம். மூடினேன், மூடினேன், வால்வுச் சாவி சட்டைப் பைக்குள் இல்லை, சைக்கிளில் மாட்டியிருக்கிறது, அப்படியென்றால் மூடிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அவன் வருவான் என்று திங்கட்கிழமையே தெரியும். மாப்பிள்ளையின் அப்பா ஞானதுரை தூத்துக்குடியிலிருந்து போன் போட்டார். ஓலையை மாப்பிள்ளை வீட்டுக் கோயிலிலும் வாசிப்பார்கள் அல்லவா, அங்கே இவன் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். "சம்பந்தி, உங்க மச்சினர் எங்க சபையிலதான் இருக்காராம். ஆராதனை முடிஞ்சு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. சம்சாரம் செத்து ரெண்டு வருஷமாச்சாம், பிள்ளைகுட்டி கிடையாதாம், பாவம் மனுசன். மூணாவது ஓலைக்கு உங்க ஊருக்கு வாரேன்னு சொன்னாரு. ஏன் சம்பந்தி, இப்படி ஒரு ஆள் இருக்காருன்னு நீங்க சொல்லவே இல்லையே?" எப்படிச் சொல்ல. பாவம் மனுசன் என்கிறார். பிள்ளைகுட்டி கிடையாதாம். அன்றைக்கிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, சாப்பிடுகிற மாதிரிப் பிசைந்து பிசைந்து காட்டினேன், கெசியா நம்பவில்லை. "என்னப்பா, சோத்துக்கு ஞானஸ்நானம் கொடுக்கீயளா? எடுத்து வாயில வைங்க" என்றாள்.

ஞானஸ்நானம் என்று அவள் வாயில் ஏன் வர வேண்டும். அவள் சும்மாதான் சொன்னாள். லேப்பில் வேலை பார்க்கிற பிள்ளை, எதையும் சும்மா சொல்ல மாட்டாள் என்றும் தோன்றுகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னை அவள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் அவள் கையாலேயே ரத்தம் எடுத்தாள், வலிக்கவே இல்லை, ஊரில் எல்லோரிடமும் சொன்னேன், என் மகள் ஊசி போட்டால் கொசு உட்கார்ந்த மாதிரி. எனக்கு ஓ பாசிட்டிவ் என்றாள். உனக்கு என்னட்டி என்று கேட்டேன். ஏபி என்றாள். "ரெண்டும் ஒண்ணா இல்லையே" என்றேன். "ஒண்ணா இருக்கணும்னு இல்லப்பா" என்று சொல்லிவிட்டு அந்தச் சீட்டை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். சீட்டு என்னுடையது, என்னிடம்தானே தர வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு. ரத்தத்தில் என்னவெல்லாம் எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதோ பெண்கள் பக்கத்தில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், தவமணியின் பச்சைச் சேலை, முக்காடு வழுக்கி வழுக்கி விழுகிறது, அவளும் சளைக்காமல் இழுத்து இழுத்து விடுகிறாள். தவமணியும் அப்படித்தான் இழுப்பாள். பெறாத பிள்ளைக்கு இதெல்லாம் எப்படி வருகிறது, அதையும் யாராவது சோதித்துச் சீட்டு எழுதித் தரட்டும்.

பெறவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணம் முடிந்து ஒன்பது வருஷம், தவமணி உபவாசம் இருக்காத வெள்ளிக்கிழமை கிடையாது. அப்போது நாங்கள் தோப்புவிளையில் இருந்தோம். அருமைநாயகத்தின் பெண்டாட்டி பிரசவமாகி எட்டாம் நாள் செத்துப்போனாள். அடக்கம் முடிந்து வந்து நான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன், கை எல்லாம் குழம்பு, அவன் வந்து பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டான். அக்கா மடியில் வைத்திருக்கலாம். நான் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், தொட்டால் துணியெல்லாம் குழம்பு ஆகிவிடும். "அத்தான், ஒரு மூணு மாசம். பஹ்ரைனுக்கு விசா வந்திருக்கு. போய்க் காலூன்றிட்டு வந்து கூட்டிட்டுப் போயிருதேன்" என்றான். அழுதுகொண்டேதான் சொன்னான், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். போகிறதற்கு முன்னால் நாற்பதாம் நாள் தோப்புவிளைக் கோயிலில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் எடுத்தான். கெசியா என்பது அவன் பெண்டாட்டி சாகிறதற்கு முன்னால் ஆசைப்பட்ட பெயர். ரெஜிஸ்தரில் தகப்பன் அருமைநாயகம். அதில் தப்பில்லை, அவன்தானே தகப்பன். நான் பக்கத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், தலை துவட்ட. போனான். மூன்று மாதம் போயிற்று, மூன்று வருஷம் போயிற்று. பிள்ளை என்னை அப்பா என்றது. அப்பா என்று சொல்லிக் கொடுத்தது யாருமில்லை, எதிரே நிற்கிறவனைத்தானே கூப்பிடும்.

ஐயர் கண்ணாடியைத் துடைக்கிறார். பாதிப் பிரசங்கம் முடிந்தால்தான் துடைப்பார். இன்னும் பாதி இருக்கிறது, அல்லது பாதிதான் இருக்கிறது. மூன்று வருஷம் கழித்துத்தான் அந்தக் கடிதம் வந்தது. எனக்கு வாசிக்க நேரமாகும், தவமணி வாசித்தாள், வாசித்துவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள், நான் எழுத்துக் கூட்டி முடிக்கிறபோது உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுகிறாள். அங்கே ஒரு மலையாளத்து நர்ஸைக் கட்டிக்கொண்டானாம். கிறிஸ்துமஸுக்கு வந்து பிள்ளையைக் கூட்டிப் போகிறானாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து நாட்கள் ஆரம்பிக்கும் முன்னே நாங்கள் தோப்புவிளையை விட்டுக் கிளம்பிவிட்டோம். ஓடிவந்தோம் என்று சொன்னாலும் சரிதான். இந்த எபனேசர்புரத்தில் தொட்டிக்கு ஆள் வேண்டும் என்றார்கள், வந்தோம். அவனுக்குத் தெரியாமல் ஒன்றும் வரவில்லை, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் விலாசம் தெரியும். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் வரவில்லை. அடுத்ததற்கும் இல்லை. வரமாட்டேன் என்று எழுதவும் இல்லை. அநியாயம் என்று நான் சொல்வது அதைத்தான். பிள்ளையைக் கொடுத்தது அநியாயமா, அது என் பாக்கியம். கூட்டிப் போகிறேன் என்றது அநியாயமா, பெற்றவன் சொல்லலாம். 'வரவில்லை, நீங்களே வளருங்கள்' என்று ஒரு வரி, ஒரே வரி எழுதியிருக்கலாமே. எழுதவில்லை. டிசம்பர் பிறந்தால் தவமணிக்கு உடம்பு வாடிவிடும். பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். ஊரே ஸ்டார் கட்டும், கேக் சுடும், பஜனை போகும், இவள் வாசல் கேட்டில் கண்ணை வைத்துக்கொண்டு பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பாள், பின்னல் அன்றைக்கு மட்டும் அவ்வளவு இறுக்கமாக இருக்கும். "வலிக்குதும்மா" என்று பிள்ளை கத்தும். கெசியாவுக்கு இருபது வயதாகி, இனி யார் வந்து யாரைக் கூட்டிப் போக முடியும் என்று நான் சிரித்த வருஷம்கூட, "வந்து சொல்லிட்டான்னா?" என்றாள். அந்த வருஷம்தான் செத்தும் போனாள். மொத்தம் பதினேழு டிசம்பர். அடக்கத்துக்கும் அவன் வரவில்லை.

என் பங்குக்கு நான் செய்தது ஒன்று இருக்கிறது. அதை ஆண்டவருக்கும் தவமணிக்கும் தவிர யாருக்கும் சொன்னதில்லை. இங்கே வந்த புதிதில், பிள்ளைக்கு நாலு வயது நடக்கிறது, அப்போதிருந்த பெரிய ஐயர் கேட்டார், "பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆயிட்டா?" ஒரு நொடிதான். "இல்ல ஐயரே" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தால்கூட அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. ஒரு மனுஷனுக்கு ஒரு ஞானஸ்நானம்தான், இரண்டு கிடையாது, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் என் பிள்ளைக்கு இரண்டாவது வாங்கிக் கொடுத்தேன். அவன் வந்து கேட்டால் காட்டுவதற்கு எனக்கு ஒரு காகிதம் வேண்டியிருந்தது, தகப்பன் சுவிசேஷமுத்து, தாய் தவமணி என்று கோயில் முத்திரையோடு. தவமணி பயந்தாள். "ஏங்க, இது பெரிய பாவமில்லையா?" என்றாள். "பாவம் என் பேர்ல இருக்கட்டும், பிள்ளையும் என் பேர்ல இருக்கட்டும்" என்றேன், பேசத் தெரிந்தவன் மாதிரி. பிள்ளை ஞானஸ்நானத் தொட்டியருகே தன் காலிலேயே நின்றது. ஐயர் தண்ணீரை ஊற்றினதும் சிரித்துவிட்டு, "இன்னும்" என்றது. கோயிலே சிரித்தது. நான் மட்டும் அவசரமாகத் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினேன். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம், அந்த ரெஜிஸ்தரை வைத்துத்தான் ஐயர் ஓலை எழுதியிருக்கிறார். வாராவாரம் சபையோடு சேர்ந்து பாவ அறிக்கை சொல்லுகிறேன், பக்கத்துப் பெஞ்சுக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, அந்த ஒன்றை மட்டும் வாய்க்குள் வைத்துக்கொண்டு. ஆண்டவரே, உம்முடைய ரெஜிஸ்தரில் எது இருக்கிறது? முதலாவதா, இரண்டாவதா? முதலாவதுதான் இருக்கும். நீர் இரண்டாவதை எழுதமாட்டீர். ஆனால் அடித்தும் போடவில்லை என்று நினைக்கிறேன், அடித்திருந்தால் எனக்கு இந்தப் பிள்ளையைக் காய்ச்சல் வாந்தி எல்லாம் கடந்து இவ்வளவு தூரம் விட்டுவைத்திருக்க மாட்டீர்.

இருமுகிறான். எழுந்திருக்கப் போகிறவன் தொண்டையைச் சரிசெய்வது மாதிரி இருக்கிறது. ஐயர் தகப்பன் பெயரைத் தப்பாக வாசிக்கிறார், இது என் பிள்ளை, தோப்புவிளைக் கோயில் ரெஜிஸ்தரைப் போய்ப் பாருங்கள் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஞானதுரை குடும்பம் என்ன நினைக்கும், அது கிடக்கட்டும். ஐயர் என்னைத் திருவிருந்துக்கு வராதே என்பார், அதுவும் கிடக்கட்டும், நியாயம்தான். கெசியா இந்தப் பக்கம் திரும்புவாள். அவள் எந்தப் பெஞ்சைப் பார்ப்பாள் என்பதுதான். அவள் திரும்பி இரண்டு பெஞ்சு பின்னால் பார்த்துவிட்டால் நான் வீட்டுக்குப் போய் எந்த அறையில் உட்காருவது. நேற்றே சொல்லியிருக்கலாம். நேற்று சாயங்காலம் சேலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள், நான் போய் நின்றேன், "என்னப்பா?" என்றாள், "தண்ணி வருதா?" என்று கேட்டேன். திறந்துவிட்டவனே நான். சிரித்துவிட்டாள். அவன் எழுந்தால் நானும் எழுந்துவிட வேண்டும். எழுந்து என்ன சொல்ல? அவன் சொல்வது பொய் என்றா, கோயிலுக்குள் நின்று இரண்டாவது தடவையும் பொய்யா? இல்லை, அவனுக்கு முன்னால் நானே எழுந்து சொல்லிவிடலாம். சொன்னால் என் வாயால் போகும், அவன் வாயால் போகாது. போகிறது போகிறதுதானே. பாமாலைப் புத்தகத்தை மடியில் வைத்து அழுத்திக்கொள்கிறேன். பிரசங்கம் முடிந்துவிட்டதா? எல்லோரும் அசைகிறார்கள், அறிவிப்பு வந்துவிட்டது. பெண்கள் ஐக்கியக் கூட்டம் புதன்கிழமை. கல்லறைத் தோட்டச் சுவர் வேலைக்கு ஆட்கள் வர வேண்டும். வருகிற ஞாயிறு ஆராதனை அரை மணி முந்தி. இவர் ஏன் இன்றைக்கு இவ்வளவு வேகமாக வாசிக்கிறார், பொறுமை எங்கே போயிற்று.

"தூத்துக்குடி சபையைச் சேர்ந்த திரு. ஞானதுரை, திருமதி மேரி லீலாவதி இவர்களின் குமாரன் ஆல்பினுக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த திரு. சுவிசேஷமுத்து, காலஞ்சென்ற திருமதி தவமணி இவர்களின் குமாரத்தி கெசியாவுக்கும்" என்று ஐயர் வாசிக்கிறார், என் பெயர் அந்தக் கூரைக்குள் இவ்வளவு பெரிதாகக் கேட்டதே இல்லை, "இது மூன்றாம் முறை. தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போது சொல்லலாம்" என்று நிறுத்துகிறார். மின்விசிறி ஓடுகிறது. அப்புறம் பெஞ்சு கிறீச்சிடுகிறது. பின்னால். எல்லோரும் திரும்புகிறார்கள், நான் எழுந்துவிட்டேன், எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, எழுந்தது எதற்கென்றும் தெரியவில்லை, திரும்பினால் அவனும் நிற்கிறான், குடையை ஊன்றிக்கொண்டு. ஐயர் ஒரு கண்ணை என் மேலும் ஒரு கண்ணை அவன் மேலும் வைக்கிறார். "சொல்லுங்க ஐயா" என்கிறார் அவனைப் பார்த்து. அருமைநாயகம் என்னைப் பார்க்கிறான். அவ்வளவு நேரம் ஒரு மனுஷன் ஒரு மனுஷனைப் பார்க்கக் கூடாது. "தடை ஒண்ணும் இல்ல ஐயரே" என்கிறான். "நான் தவமணி அக்கா தம்பி. பிள்ளைக்குத் தாய்மாமன். ஓலையை எந்திச்சு நின்னு கேக்கணும்னு தோணிச்சு, அதான்." கோயிலில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடுகிறது, நல்ல சிரிப்பு. "அத்தானும் அதுக்குத்தான் எந்திச்சாரு போல" என்று வேறு சேர்க்கிறான், இன்னும் கொஞ்சம் சிரிப்பு. ஐயரும் சிரித்துவிட்டு, "தாய்மாமன் நின்னா விவாகம் நிலைச்ச மாதிரிதான், ரெண்டு பேரும் உக்காருங்க" என்கிறார். உட்காருகிறேன். கெசியா திரும்பி என்னைத்தான் பார்க்கிறாள். என்னைப் பார்த்துவிட்டுத்தான் அவனைப் பார்த்தாள். நான் சரியாகப் பார்த்தேன், முதலில் நான்.

வெளியே வந்ததும் அவளே அவனிடம் போனாள். "மாமா, வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றாள், உடனேயே, "அம்மா அடக்கத்துக்குக்கூட வரல நீங்க" என்றாள், இரண்டையும் ஒரே மூச்சில், தவமணி கேட்டிருந்தால் எப்படிக் கேட்டிருப்பாளோ அப்படி. "வந்திருக்கணும் மக்கா. வந்திருக்கணும்" என்றான். அவள் தலையைத் தொடக் கையைத் தூக்கினான், தூக்கின கையைப் பாதியில் குடைக்குக் கொண்டுபோய்விட்டான். எனக்கு அவன் மேல் இரக்கம் வந்தது. வரட்டும், இரக்கம் வேறு, நான் கேட்க வேண்டியது வேறு. பிள்ளையை முழுசாக என்னிடம் விட்டுவிட்டான், சபை முன்னால் விட்டான், அது பெரிய காரியம், அதைச் சின்னதாகச் சொல்ல மாட்டேன். கெசியாவிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அது எனக்கும் அவளுக்கும் உள்ளது, அதை இதோடு சேர்த்து என்னைக் குழப்ப வேண்டாம், அந்தச் சீட்டோடு அவள் கைப்பைக்குள் ஏற்கெனவே போய்விட்டதோ என்னவோ. நான் சொல்வது அந்தப் பதினேழு டிசம்பர். "அக்கா எங்க இருக்கா அத்தான்?" என்றான். கோயிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். சுவர் இடிந்த பக்கமாக நுழைந்தால் கிட்ட. கல்லைக் காட்டினேன். குடையைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். நானே விலகி வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டேன், பேசுகிறவன் பேசட்டும் என்று. பேசினான். உதடு அசைந்தது, நிறைய நேரம் அசைந்தது, ஒரு தடவை கையெடுத்துக் கும்பிட்டான், காற்று அந்தப் பக்கம் அடித்தது, ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அக்காகிட்ட சொல்லிட்டேன் அத்தான்" என்றான்.

"என்ன சொன்ன?" என்றேன்.

"அது அக்காவுக்கும் எனக்கும் உள்ளது" என்றான்.

சரி. அவளுக்குச் சேர வேண்டியது அவளுக்குச் சேர்ந்துவிட்டது. ஆனால் அவள் பஸ் சத்தத்துக்குத் திடுக்கிட்டபோதெல்லாம் பக்கத்தில் இருந்தவன் நான்தானே, அவள் கீழே வைத்த பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தவன் நான்தானே. என் முகத்தைப் பார்த்து இன்னும் ஒன்றும் சொல்லவில்லை இவன். "மத்தியானம் எத்தனை மணிக்கு அத்தான் பஸ்?" என்கிறான். இரண்டரைக்கு ஒன்று, நாலேகாலுக்கு ஒன்று. "நாலேகாலுக்குத்தான் இருக்கு" என்றேன்.